வாய்தா தேதி தெரியும், வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரியுமா?

எழும்பூரோ சைதாப்பேட்டையோ ஜார்ஜ் டவுனோ, குற்றவியல் நீதிமன்றத்துக்கு வழக்குக்காக வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று சட்டென்று சொல்வார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றால், "வக்கீலுக்குத்தான் சார் தெரியும்" என்பார். இது மாற வேண்டும்.

விசாரணை இழுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். பல வழக்குகளில் முதல் சாட்சி கூண்டேறும் முன்பே வருடங்கள் போய்விடுகின்றன. சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, போட்டாச்சு என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். நீதிமன்றம் அதைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்பும். சரிசெய்து வந்த பிறகுதான் கோப்புக்கு எடுத்து சி.சி. எண், அதாவது நீதிமன்ற வழக்கு எண், தரும். திரும்பிப் போன வழக்குக் கட்டு ஸ்டேஷனில் கிடக்கும், அதற்குள் விசாரணை அதிகாரி மாற்றலாகியிருப்பார். நம்பர் ஆகாத வழக்குக்கு வாய்தா கிடையாது, அதனால் யாரும் தேடுவதும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் விசாரிக்கும்போதுதான் அது தலை தூக்கும்.

அப்புறம் சம்மன். ஐந்து பேர் மீது வழக்கு, நான்கு பேர் தவறாமல் வருகிறார்கள், ஒருவர் வீடு மாறிப் போய்விட்டார் என்றால் எல்லோருக்கும் சேர்த்தே வழக்கு நிற்கிறது. பிடிவாரண்ட் நிலுவை, பிடிவாரண்ட் நிலுவை என்று தள்ளிக்கொண்டே போகும். வராதவரின் வழக்கைத் தனியே பிரித்து, தங்களுக்கு விசாரணை நடத்தும்படி மற்றவர்கள் மனு போடலாம். பலருக்கு இது தெரியாமலே காலம் ஓடுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா கெடு வைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் ஆவண நகல்கள் தர வேண்டும். குற்றச்சாட்டு குறித்த முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் அதை நீதிமன்றம் வனைய, அதாவது முறைப்படி பதிவு செய்ய, வேண்டும். ஒரு தரப்பின் கையை மீறிய காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது. கெடு தாண்டினால் வழக்கு தானாக முடியாது, அதைச் சுட்டிக்காட்டி நாம்தான் கேட்க வேண்டும்.

புழல் சிறையில் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். சாதாரண வழக்குகளில் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் சார்ஜ் ஷீட் வராவிட்டால் ஜாமீன் உரிமை. ஆனால் சார்ஜ் ஷீட் வருவதற்குள் மனு போட்டுவிட வேண்டும், நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். முதல்முறைக் குற்றம், மரண தண்டனைக்கோ ஆயுளுக்கோ உரியதல்ல, வேறு வழக்கும் நிலுவையில் இல்லை என்றால், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்தவுடன் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். எழுதினாரா என்று கேளுங்கள்.

நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியில் எஃப்.ஐ.ஆர். எண்ணும் ஸ்டேஷன் பெயரும் போட்டுத் தேடினால், நம்பர் ஆன வழக்கின் கட்டம் தெரிந்துவிடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது.