சிறுதொழிலும் கல்லூரியும் சேர்ந்து வேலை செய்ய அரசுப் பணம்: எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ் திட்டம்

கோவையில் பம்பு செட் செய்கிற சிறிய பட்டறைக்காரருக்குத் தன் பம்பு கூடுதலாகக் கரன்ட் இழுக்கிறது என்று நன்றாகவே தெரியும். இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) உள்ள இலைகளின் வளைவை மாற்றினால் இழுவை குறையும் என்பதும் தெரியும். எங்கே, எத்தனை டிகிரி மாற்றுவது என்பதில்தான் வேலை நிற்கிறது. அதைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய பேராசிரியர் பத்துக் கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் இருப்பார். இருவரும் சேர்ந்து வேலை பார்க்க ஆகும் செலவில் பெரும்பங்கை மத்திய அரசே ஏற்கிறது. 2022 மார்ச் 10 அன்று தொடங்கப்பட்ட, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்.எஸ்.எம்.இ.) இன்னோவேட்டிவ் திட்டம் அதற்காகத்தான்.

திட்டத்துக்குள் மூன்று பிரிவுகள் உண்டு. பட்டறைக்காரருக்கு முதலில் உதவுவது வடிவமைப்புப் பிரிவு. இருக்கிற பொருளை மேம்படுத்துவதும் புதிய பொருளை உருவாக்குவதும் இதில் வரும். உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். குறுந்தொழில் என்றால் செலவில் 75 சதவீதமும், சிறு, நடுத்தரத் தொழில் என்றால் 60 சதவீதமும் அரசின் பங்கு. 20 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: குறுந்தொழில் செய்பவர் கைக்காசாகப் போடுவது 5 லட்சம், சிறுதொழில் செய்பவர் போடுவது 8 லட்சம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி.கள், என்.ஐ.டி.கள் போன்ற நிறுவனங்கள் இந்தப் பிரிவை நடத்துகின்றன. இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டாகவே செய்வதானால் வரம்பு 2.5 லட்சம். முதல் முயற்சிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. பெரிய தொகையில் இறங்குமுன் அந்தக் கல்லூரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம்.

யார் குறுந்தொழில்? 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, கட்டாயம். கட்டணம் கிடையாது, இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம்.

ஒரு தனியார் பட்டறையின் பம்புக்குப் பொதுப்பணம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் விவசாய பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். பில் வராத விவசாயிக்கு, இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்துச் சிக்கனமான பம்பு வாங்க அவசியம் இல்லை. ஆகவே நல்ல பம்பு செய்த பட்டறைக்கும் சந்தையில் அதற்குரிய விலை வருவதில்லை. அது மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் போய்ச் சேர்வது மின்வாரியத்துக்கும், அந்த மானியத்தைச் சுமக்கும் அரசுக்கும். பலன் ஊருக்குப் போகும்போது ஆராய்ச்சிச் செலவில் ஊருக்கும் பங்கிருப்பதே நியாயம். சுற்றுச்சூழலைக் காக்கும் புதுமைகள் பலவற்றுக்கும் இதே நிலைதான்.

இரண்டாவது, இன்குபேஷன் பிரிவு. யோசனை இருக்கிறது, செய்துபார்க்க இடமும் கருவியும் இல்லை என்பவர்களுக்கானது. வார்ப்படப் பட்டறையில் ஒருமுறை வார்த்துக் கொட்டும் மணலைச் சுத்தம் செய்து திரும்ப அச்சுக்கே கொண்டுவரும் யோசனை ஒன்று உங்களிடம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை கிடைக்கும். கருவிகள் வாங்கக் கல்லூரிக்குத் தனியாக ஒரு கோடி வரை உண்டு. மூன்றாவது பிரிவு அறிவுசார் சொத்துரிமைக்கு: உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம், வெளிநாட்டுக் காப்புரிமைக்கு 5 லட்சம் வரை. இது செலவழித்த பிறகு திரும்பக் கிடைக்கும் தொகை. எனவே ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கூட்டு வேலை பெரும்பாலும் முறிவது பணத்தால் அல்ல, பேசாமல் விட்டதால். பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை வெளிவர வேண்டும். உங்களுக்கு விஷயம் வெளியே போகக்கூடாது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கட்டுரை வெளியாகிவிட்டால் புதுமை என்ற தகுதிக்கே சிக்கல். வழி இருக்கிறது: முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டு, முழு விண்ணப்பத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். கட்டுரை அதற்குப் பிறகு வரட்டும். கண்டுபிடிப்பு யார் பெயரில், விற்றால் கல்லூரிக்கு என்ன பங்கு, மாணவர் பெயர் வருமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை இருப்பதையும் பேச்சில் நினைவில் வையுங்கள்.

கல்லூரிக்குப் போகும்போது "பம்பை நல்லாப் பண்ணணும்" என்று மட்டும் போகாதீர்கள். கோவை சிடார்க் போன்ற பரிசோதனைக் கூடத்தில் பம்பை ஓட்டி, எத்தனை மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு எத்தனை லிட்டர், அதற்கு எத்தனை வாட் என்ற அறிக்கையை வாங்கிக் கையில் வைத்திருங்கள். வேலை முடிந்தபின் அதே அளவுகளை மறுபடி எடுத்தால்தான் மாற்றம் பலித்ததா என்று இரு தரப்புக்கும் தெரியும்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில். எந்தப் பிரிவுக்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதைக் கிண்டியில் உள்ள எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டு அலுவலகத்திலோ, கோவை, தூத்துக்குடிக் கிளைகளிலோ கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.