அமெரிக்காவில் சிறப்புக் கல்வி: 'எல்லாம் மாநிலத்துக்குப் போய்விட்டது' என்று பள்ளி சொன்னால்

மத்தியக் கல்வித் துறையை மூடி, கல்வி அதிகாரத்தை மாநிலங்களிடம் ஒப்படைக்க வழி செய்யும்படி 2025 மார்ச் 20 அன்று அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். துறையை அடியோடு மூட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். அது இருக்கட்டும். மாற்றுத்திறன் குழந்தைக்கு ஏற்ற கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்ற சட்டம் 1975இல் வந்தது; அதைத்தான் இன்று 'ஐடியா' என்கிறார்கள். மத்தியக் கல்வித் துறையை உருவாக்கிய சட்டமே 1979இல்தான் வந்தது. துறைக்கு என்ன ஆனாலும் ஐடியா சட்டம் தனியே நிற்கும். ஆகவே "புது விதி வரட்டும், பார்க்கலாம்" என்று பள்ளி இழுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது முதல் படியிலேயே. ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று தேதி போட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். பரிசோதனையை முடிக்க உள்ள 60 நாள் கெடு நீங்கள் கேட்ட நாளிலிருந்து ஓடாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்துதான் ஓடும். (சில மாநிலங்கள் வேறு கெடு வைத்திருக்கின்றன.) அதனால் படிவத்தையே தராமல் நாளைக் கடத்துவார்கள். விடாமல் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவது அவர்கள் கடமை.

"நல்ல மதிப்பெண் எடுக்கிறானே" என்பார்கள். வகுப்பு வகுப்பாகத் தேறிப் போகிற பிள்ளைக்கும் சிறப்புக் கல்விக்கான தகுதி இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. "முதலில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்" என்பார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதைக் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

அப்புறம் வவுச்சர். மாநிலப் பணத்தில் தனியார் பள்ளி என்றால் ஆசை வருவது இயல்பு. ஆனால் பல மாநிலங்களில் அந்தக் கையெழுத்தோடு ஐடியா தரும் தனிப்பட்ட உரிமைகள் போய்விடும். பிறகு அந்தப் பள்ளி பிள்ளையை வெளியே அனுப்பினால், பழைய ஐஇபியைக் (அரசுப் பள்ளி அந்தப் பிள்ளைக்கென்று எழுதிக் கொடுத்த தனிக் கல்வித் திட்டம்) காட்டி அங்கே வாதாட முடியாது. படிவத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

புகார் விஷயத்திலும் கவனம் வேண்டும். மத்தியக் கல்வித் துறையில் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் குடிமை உரிமைகள் அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7ஐ 2025 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பாகுபாடு நடந்திருந்தால் 180 நாளுக்குள் அங்கேயும் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மாநிலக் கல்வித் துறைக்கும் புகார் கொடுங்கள். மீறல் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொதுவாக 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். புகாரில் கையெழுத்து இருக்க வேண்டும், ஒரு பிரதி பள்ளி மாவட்டத்துக்கும் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் திருப்பி அனுப்ப அவர்களுக்குச் சாக்கு கிடைத்துவிடும்.