ரிபேட் சீவுளியும் ஒரு மயிரிழையும்

கல்முனையில் கதவு, யன்னல் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரிபேட் சீவுளி வாங்கி, அலகையும் நன்றாகத் தீட்டித்தான் போட்டேன். ஆனால் வெட்டின் சுவர் நிமிர்ந்து வருவதில்லை. மேலே அகலமாகவும் கீழே போகப் போக ஒடுக்கமாகவும் வருகிறது. பாதி ஆழத்தில் சீவுளி வெட்டாமலே வழுக்குகிறது. பிழை அலகிலா, மரத்திலா?"

இரண்டிலும் இல்லை. அலகு உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் பிழை. அதுவும் ஒரு மயிரிழை அளவுதான்.

நிலையில் கதவு வந்து பதிவதற்கு விளிம்பை ஒட்டிப் படிபோல ஒரு வெட்டு எடுக்கிறோமே, அதுதான் ரிபேட். சாதாரண சீவுளியில் அலகின் இரு புறமும் உடம்பு இருப்பதால் அது மூலைக்குள் போகாது. ரிபேட் சீவுளியில் அலகு உடம்பின் முழு அகலத்துக்கும் வரும். ஆப்பு வைத்து இறுக்கும் பழைய மரச் சீவுளியானாலும், ஸ்டான்லி 78, றெக்கோர்ட் 778 போன்ற இரும்புச் சீவுளியானாலும் இது பொது. தீட்டுவதில் புதிதாக ஒன்றும் இல்லை. 25 முதல் 30 பாகை வரை கோணம் வைத்து, வெட்டு விளிம்பு அலகின் பக்கத்துக்கு மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இனி விசயத்துக்கு வருவோம். சுவரோடு உரசிப் போகும் பக்கத்தில் அலகின் மூலை உடம்பை விட 0.05 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது. முதல் ஓட்டத்தில் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சுருள் வருகிறது. ஆனால் சுவரோரத்தில் 0.05 அகலமான கீற்று ஒன்று வெட்டப்படாமல் மிஞ்சுகிறது. அடுத்த ஓட்டத்தில் சீவுளியின் அடிப்பாகத்தின் ஓரம் அந்தக் கீற்றின் மேல்தான் ஏறி நிற்கும். கீழே இறங்க வேண்டுமானால் சீவுளி அந்த 0.05 அளவுக்குச் சுவரை விட்டு விலக வேண்டும். விலகி வெட்டினால் அங்கே இன்னொரு கீற்று மிஞ்சும். அதற்கடுத்த ஓட்டத்தில் இன்னும் விலகல். 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 100 ஓட்டம். 100 தரம் 0.05 என்றால் 5 மில்லிமீற்றர்! மெல்லிய கீற்றுகள் பாரத்தில் நசுங்குவதால் நடைமுறையில் சரிவு இதைவிடக் குறையும். ஆனால் சரியும் சுவரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அது சரிவே இல்லை, நுணுக்கமான படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரு ஓட்டத்தின் தடம். எனக்கு இதைப் பார்க்கச் சலிப்பதே இல்லை.

வெட்டின் அகலம் மாறாமல் மரத்தின் விளிம்போடு ஒட்டி ஓடும் பக்கச் சட்டத்தை மரத்தோடு அழுத்திப் பிடித்தால் சீவுளி விலக வழியில்லை. அப்போது கீற்றின் மேலேயே மிதந்து, வெட்டாமல் வழுக்கும். வாசகர் சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

ஆகவே சுவர்ப் பக்கத்தில் அலகு உடம்பை விடச் சற்று வெளியே நிற்க வேண்டும். எவ்வளவு? போட்டோகொப்பித் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். இரும்பு அடிமட்டம் ஒன்றைச் சீவுளியின் பக்கத்தில் படிய வைத்து அலகை நோக்கி நகர்த்துங்கள். அலகின் மூலையில் மெல்லத் தட்ட வேண்டும். அப்புறம் அடிமட்டத்துக்கும் உடம்புக்கும் நடுவே தாளை வைத்து நகர்த்துங்கள். இப்போது தட்டாமல் கடக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் இறுக்குங்கள். அதற்கு மேல் வெளியே வந்தால், தீட்டப்படாத பக்க விளிம்பு சுவரைச் சுரண்டிக் கோடு கிழிக்கும். இறுக்கும்போது அலகு திரும்பிவிடக் கூடும். அடிப்பாகத்தின் வழியே கண்ணோட்டம் விட்டு, வெட்டு விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் வெட்டின் தளம் சாயும். 78 வகையில் பக்கச் சட்டம் ஒற்றைக் கம்பியில் நிற்பதால் கோணலாகப் பூட்டுப்படும், முன்னும் பின்னும் அளந்து பூட்டுங்கள்.

மரத்தின் குறுக்கே ரிபேட் எடுப்பது வேறு கதை. நாரை முதலில் அறுக்காமல் தூக்கினால் சுவர் பிய்ந்து வரும். அலகுக்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் சிறு கத்தி அதற்குத்தான். அதன் வெளிமுகம் தட்டையாக, அலகின் மூலையோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தீட்டுவது உள்முகத்தில் மட்டும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஓடாவிமார் முதிரை மரத்தில் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். முதிரையின் நார் அடுக்குகள் மாறி மாறி எதிர்த் திசையில் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து சீவினாலும் ஏதோ ஒரு பட்டை எதிர் நாராகவே வரும். அங்கே அலகு வெட்டுவதற்கு முன்பே மரம் பிளந்து, பிளவு அலகைத் தாண்டி ஓடி, சுருள் ஒடிந்து, குழி விழுகிறது. இந்த வகைச் சுருளை 1958 இல் அமெரிக்காவின் நோர்மன் ஃப்ரான்ஸ் முதலாம் வகை என்று பிரித்து விளக்கினார். பிளவு ஓடாமல் தடுக்க மெல்லிய சுருளும் மிகக் கூரான அலகும் வேண்டும். அது வளர்பிறையில் வெட்டிய மரம், அதுதான் பிய்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பிறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே முழுக் காரணம்.

யப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கத்தோ என்ற இரு ஆய்வாளர்கள் அலகின் நுனியில் சுருள் பிறப்பதை உருப்பெருக்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து உலகெங்கும் தச்சர்கள் தங்கள் சீவுளியை மாற்றி அமைத்தார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நமக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. முதிரை, பாலை மரங்களை வைத்து இப்படி ஒரு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவு அல்ல. நம் ஓடாவிமாருக்கு நேரே பயன்படும் அறிவு அது.

வெட்டத் தொடங்கும்போது மரத்தின் தூர முனையில் குட்டை ஓட்டமாகத் தொடங்கி, பின்னோக்கி வந்து, கடைசியில் முழு நீளத்துக்கு ஓட்டுங்கள். முன்பு வெட்டிய தடம் அடுத்த ஓட்டத்தை வழி நடத்தும்.

மரச் சீவுளி வைத்திருப்பவர்கள் மாரியில் கவனமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் மரம் குறுக்கே 0.2 அல்லது 0.3 சதவீதம் பருக்கும். 35 மில்லிமீற்றர் அகல உடம்பில் ஈரம் 3 சதவீதம் கூடினால் 0.2 மில்லிமீற்றருக்கு மேல் அகலும். இரும்பு அலகு அகலாது. ஆடி மாதத்தில் சரியாக வைத்த அலகு கார்த்திகை மழையில் உடம்புக்குள் போய்விடும், சுவர் மறுபடி சரியும். மழைக் காலத்தில் வேலை தொடங்குமுன் அந்தத் தாளையும் அடிமட்டத்தையும் ஒருமுறை வைத்துப் பார்த்து, ஆப்பைத் தளர்த்தி, அலகைச் சுவர்ப் பக்கம் தள்ளி இறுக்கிக்கொள்ளுங்கள்.