நேற்றுத் தூக்கிய கை இன்று தூக்கவில்லையா?

பாரிசவாதத்திலிருந்து தேறி வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நேத்து தேத்தண்ணிக் கோப்பையத் தூக்கினேனே, இன்னைக்கு விரல் மடங்கினபடியே கெடக்குதே. எல்லாம் போயிருச்சா?" நுவரெலியா, மஸ்கெலியாப் பக்கத்து மார்கழி, தைப் பனியில் இந்தப் பயம் கூடும்.

குளிரில் வாதம் வந்த பக்கத்துத் தசை இறுகும். தூக்கம் கெட்டாலும், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தாலும் பழைய பலவீனம் தலைகாட்டலாம். காரணத்துக்கு வைத்தியம் செய்தால் அசைவு பெரும்பாலும் திரும்பிவிடும். கவலையும் தசையை இறுக்கும். விரல் விரிகிறதா என்று நாளுக்கு இருபது தடவை சோதித்தால் அது இன்னும் இறுகத்தான் செய்யும்.

வாரத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். ஞாயிறு காலை, இஸ்தோப்பில் வெயில் விழுந்த பிறகு, எப்போதும் அதே கதிரையில் ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். பிறகு வெறும் பிளாஸ்டிக் கோப்பையை மேசையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை வைக்க முடிகிறது என்று எண்ணுங்கள். நான்கு வாரத்துக்கு முந்திய கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு நாள் கொழுந்து நிறை குறைந்தால் மலையே பட்டுப்போச்சு என்று யாரும் சொல்வதில்லையே.

பயத்தில் பலர் விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகப் பயிற்சி செய்கிறார்கள். கூரை வளையில் கயிறு போட்டு, நல்ல கையால் வாதக் கையை மேலே இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு காயப்பட்டால் வாரக்கணக்கில் பயிற்சியே நின்றுவிடும். எழுப்பிவிடுகிறவர்களும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. காய்ச்சல் விட்டதும் அரைப்பேர் கணக்கில் தொடங்குங்கள்: 20 தடவை செய்தவர் 10. பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டிரண்டாகக் கூட்டலாம். கை இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வையுங்கள். சூட்டை நல்ல கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வாதக் கைக்குச் சூடு உறைக்காமல் கொப்புளித்துவிடும்.

ஆனால் திடீரென வாய் கோணினாலோ, கை சரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ "பழையதுதான்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதனால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். மேல் டிவிசனில் அம்புலன்ஸ் ஏறாத லயம் என்றால், எந்த ஆட்டோவில் கீழே இறக்குவது என்று இன்றே பேசி, அந்த நம்பரைச் சுவரில் எழுதிவையுங்கள்.