நூலில் தொங்கும் பீன்ஸ்: சிறு அருங்காட்சியகங்களுக்குச் சில யோசனைகள்

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் பழைய மரவீடுகளை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருப்பார்கள். உள்ளே போனால் கணப்படுப்புக்கு மேலே பாருங்கள். சுருங்கிப்போன பீன்ஸ் சரம்சரமாகத் தொங்கும். பெயர் 'லெதர் பிரிட்சஸ்'. முழுக்காயை ஊசி நூலால் கோத்துக் காயவிட்டு, குளிர்காலத்தில் ஊறவைத்து, உப்புப் பன்றிக்கறியோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். நம்மூர் வற்றல் மாதிரிதான்.

பொருள் பாதுகாப்பு என் வேலை என்பதால், என் கண் முதலில் தேடுவது அந்தக் காயில் ஓட்டை இருக்கிறதா என்பதைத்தான். காய் செடியில் இருக்கும்போதே பயறு வண்டு முட்டையிட்டுவிடும். புழு பயறுக்குள்ளேயே வளர்ந்து, வட்டமாகத் துளை போட்டு வண்டாக வெளியே வரும். வேறு சில வண்டுகள் பக்கத்தில் இருக்கும் சோளக்கதிர், சுரைக்குடுவை, புத்தக அட்டை என்று எதையும் விடாது.

மருந்து அடிக்காதீர்கள், ஃப்ரீசர் போதும். சரத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். பை அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் காய் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அதைவிட, வருஷாவருஷம் புதுச்சரம் கோப்பதே நல்லது என்பது என் கட்சி. ஆனால் கடை பீன்ஸ் வேண்டாம். அது பிஞ்சிலேயே பறிக்கும் நாரில்லாத ரகம், காய்ந்தால் வெறும் தோல்தான் மிஞ்சும். மலைக்காரர்கள் கோத்தது உள்ளே பயறு திரண்ட, ஓரத்து நாரை உரித்தே தீரவேண்டிய காய். அந்த விதைகளைக் குடும்பங்கள் தலைமுறையாகக் காப்பாற்றி வந்தன. அப்படி விதை வைத்திருக்கும் பாட்டி யாராவது அக்கம்பக்கத்தில் இருப்பார். அவரையே கோக்கச் சொல்லுங்கள். அவர் கோக்கும்போது பேசுவதையும் பதிவு செய்யுங்கள். எந்த ஊர் விதை, யார் கொடுத்தது, எத்தனை மணி நேரம் வேகும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கும்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஜார்ஜியாவின் ராபன் மாவட்டத்தில் 1966-இல் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய்ச் சமையல், கைவேலை, பேய்க்கதை என்று கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபாக்ஸ்ஃபயர் அருங்காட்சியகம். டென்னசியில் 1969-இல் 'மியூசியம் ஆஃப் அப்பலாச்சியா'வைத் தொடங்கிய ஜான் ரைஸ் இர்வின், பொருளோடு அதை வைத்திருந்தவரின் கதையையும் சேர்த்தே சேகரித்தார். சொந்தக்காரர் பெயரில்லாத வெண்ணெய்ச் சிலுப்பியை எந்தப் பழம்பொருள் கடையிலும் பார்க்கலாமே!

சரி, பதிவு செய்தாயிற்று. அதை எங்கே வைப்பது? 2022 ஜூலை கடைசியில் கிழக்குக் கென்டக்கியில் பெருவெள்ளம் வந்தபோது, வைட்ஸ்பர்க் ஊரில் 1969-இல் தொடங்கிய ஆப்பல்ஷாப் என்ற கலை, ஊடக அமைப்பின் ஆவணக்காப்பகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. படச்சுருள், டேப், புகைப்படம் எல்லாம் சேற்றில் ஊறின. மலைப்பள்ளத்தாக்கில் கட்டடங்கள் பெரும்பாலும் ஆற்றோரம்தான், வேறு சமநிலம் கிடையாது. அதனால் நகல் ஒன்று வேறு ஊரில், மேட்டில் இருக்கட்டும். மூலப்பிரதியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

மீறி நனைந்துவிட்டால் காகிதத்தை ஃப்ரீசரில் போடலாம், இரண்டு நாளுக்குள் போட்டால் பூஞ்சணத்தை முந்திக்கொள்ளலாம். ஒலிநாடாவை மட்டும் உறைய வைக்காதீர்கள், வேலை செய்கிறதா என்று ஓட்டியும் பார்க்காதீர்கள். சேறு காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, நிபுணரிடம் அனுப்புங்கள்.