ஊசிக்கு முன் ஒரு கேட்டல் பரிசோதனை

போன வருடம் வெள்ளவத்தையில் இருந்து ஒரு அம்மாவை மகள் என்னிடம் கேட்டல் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தார். "மரைன் டிரைவ் பக்கம் ரயில் போனா நல்லாக் கேக்குது மிஸ். பேத்தி கதைக்கிறதுதான் விளங்குதில்ல" என்றார் அம்மா.

பரிசோதித்தபோது தாழ்ந்த சுருதிகள் பரவாயில்லை. உயர்ந்த சுருதிகளில் இரண்டு காதும் ஒரே மாதிரிச் செங்குத்தாக இறங்கியிருந்தன. வயதுதான் காரணம் என்று முதலில் நானும் நினைத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்டைப் பார்த்தேன். சிறுநீர்த் தொற்றுக்கு ஜென்டமைசின் ஊசி, கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைட். சிறுநீரகமும் ஏற்கெனவே பலவீனம். ஜென்டமைசின் காதுக்குச் செய்யும் கேட்டை இவை இரண்டும் கூட்டும். "ஊசி போட்ட கிழமையே காதுக்குள்ள கூவுதெண்டு அம்மா சொன்னவ. காய்ச்சல் அசதியெண்டு விட்டுட்டம்" என்றார் மகள்.

ஒவ்வொரு காதிலும் பிறக்கும்போது சுமார் 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தம் வரும்போது அவற்றின் உச்சியிலுள்ள நுண்மயிர்கள் சாய்ந்து, மிகச் சிறிய வாசல்கள் திறக்கும். நாம் கேட்பதே அந்த வாசல்களால்தான். ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளும் அதே வழியாகத்தான் உள்ளே போகின்றன. போனவை எளிதில் வெளியேறுவதில்லை. அதனால் ஊசி நின்று சில வாரங்கள் கழித்தும் கேட்கும் திறன் குறையலாம். உயர்ந்த சுருதிக்கான கலங்கள்தான் முதலில் சாகும். பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

இதற்காக ஊசியை மறுக்காதீர்கள். கடும் தொற்றில், பச்சைக் குழந்தைகளுக்கும்கூட, உயிரைக் காப்பது இந்த மருந்துதான். நான் கேட்பதெல்லாம், முடிந்தால் ஊசி தொடங்கு முன்பும், நாட்கணக்கில் நீண்டால் இடையிலும், 8000 ஹேர்ட்ஸுக்கு மேலான மிக உயர்ந்த சுருதிகளையும் பார்க்கும் கேட்டல் பரிசோதனை. சேதம் அங்கேதான் முதலில் தெரியும், பேச்சு விளங்காமல் போவது பிறகு. காதில் கூவல் வந்தாலோ, நடக்கும்போது எதிரே உள்ளவை ஆடுவது போலத் தெரிந்தாலோ அன்றைக்கே வாட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாமா, அளவைத் திருத்தலாமா என்று அவர் பார்ப்பார். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து பிள்ளைகளின் கேட்கும் திறனைக் கெடுக்காமலிருக்க சோடியம் தியோசல்பேட்டை 2022இல் அமெரிக்கா அனுமதித்தது. ஜென்டமைசின் போன்ற ஊசிகளுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட காப்பு மருந்து இல்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஊசி போட்டுக் காது போனதா? சிலருக்கு, தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் ஒரு மரபணு மாற்றத்தால், சாதாரண அளவு மருந்தே கேட்கும் திறனைப் பறித்துவிடும். அந்த அம்மாவிடமும் கேட்டேன். "ஓம், எங்கட பெரியண்ணைக்கும் சின்ன வயசில கசத்துக்கு (காசநோய்க்கு) ஊசி போட்டுத்தான் காது போனது" என்றார். மகள் திரும்பித் தாயைப் பார்த்தார். அவருக்கு அது புதுச் செய்தி.

மரபணுப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. ஆனால் மகளுடைய கிளினிக் கொப்பியிலும் பேத்தியுடைய கொப்பியிலும் முதல் பக்கத்தில் இந்த மருந்துகளின் பெயர்களைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன்.