எக்ஸ்ரே நார்மல், எலும்பு நார்மலா?

ஜனவரி சென்னை மாரத்தானுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே என் கிளினிக்கில் ஓட்டக்காரர்கள் வரத்து கூடிவிடும். அப்படி வந்தவர்தான் அந்த 34 வயதுப் பெண். கையில் எக்ஸ்ரே கவர். “ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க டாக்டர். ஆனா ஓடினா வலிக்குது.”

எங்கே என்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பில் ஒரே விரலை வைத்துக் காட்டினார். ‘ஷின் ஸ்பிளின்ட்’ (ஓட்டத்தால் கீழ்க்கால் எலும்பை ஒட்டி வரும் வலி) உள்ளவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையால் நீளமாகத் தடவிக் காட்டுவார்கள். ஒற்றை விரல் என்றால் எனக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப விழும் பளுவால் எலும்பில் வரும் சிறு விரிசல்) சந்தேகம் வந்துவிடும். அந்த இடத்தை அழுத்தினேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

முதல் 2, 3 வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும், தெரிந்தது.

ஓடும்போது எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது சகஜம்தான். சேதமான பகுதியை உடல் சில வாரங்களில் அரித்து எடுத்துவிடும். புதிதாகக் கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு பலவீனமாக இருக்கும். இவரோ வாரத்துக்கு 25 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவர், மூன்றே வாரத்தில் 45-க்குத் தாவியிருந்தார். மூச்சும் தசையும் பழகிவிட்டன, எலும்பு பழகவில்லை.

கேட்ட பிறகுதான் இன்னொன்றைச் சொன்னார்: மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தார். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் ஹார்மோன் குறையும், எலும்பு தேயும். ஆண்களுக்கும் இது உண்டு. வைட்டமின் டி-யையும் பார்த்துவிடுவேன்.

சிகிச்சையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இவருக்கு 6 முதல் 8 வாரம் ஓட்டம் கிடையாது. நடந்தாலே வலித்தால் வாக்கிங் பூட் (காலை அசையாமல் தாங்கும் உறுதியான காலணி). வலிக்காதவரை நீச்சல், சைக்கிள். அப்புறம், வலியில்லாமல் நடக்க முடிந்து, அழுத்தினாலும் வலிக்காத நிலை வந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பிக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

விரிசல் விழும் எல்லா இடமும் இவ்வளவு சாதுவானதல்ல. ஓடும்போது தொடை இடுக்கில் வலித்தால் தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதி) விரிசல் இருக்கலாம். விரிசல் அதன் மேல்பக்கம் இருந்தால் முழுதாக முறிந்து விலகக்கூடும். பெரும்பாலும் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ போடவேண்டி வரும். அந்த வலி வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். வீட்டுக்கு நடந்துகூடப் போகவேண்டாம், ஆட்டோ பிடித்து நேரே டாக்டரிடம் போங்கள்.